கோத்தகிரிக் குளிரில் கொதிக்கும் லேப்டாப்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். கணவர் கல்யாண வீடியோ எடுக்கிறார். எடிட்டிங் முழுக்க என் பொறுப்பு. லேப்டாப் வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. 15.6 அங்குலத் திரை, தனி கிராபிக்ஸ் கார்டு உண்டு. குளிர் தாங்காமல் இரவில் கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துதான் வேலை செய்வேன். கொஞ்ச நாளாக லேப்டாப்பின் அடிப்பக்கம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. விசிறி இரையும் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொள்கிறான். முன்பு முக்கால் மணி நேரத்தில் எக்ஸ்போர்ட் ஆன (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றி எடுப்பது) வீடியோ இப்போது இரண்டு மணி நேரம் இழுக்கிறது. போன வாரம் இரண்டு முறை தானாகவே அணைந்துவிட்டது. மாமியார் சொன்னதால் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன், பலனில்லை. ஆன்லைனில் 600 ரூபாயிலிருந்து 4,000 ரூபாய் வரை, லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் கூலிங் பேட் விற்கிறார்கள். ஐந்து விசிறி வைத்த ஒன்று 1,500 ரூபாய். அதை வாங்கலாமா? இவ்வளவு குளிரான ஊரில் ஏன் இப்படிச் சூடாகிறது?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசியாக நீங்கள் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கோவையில் ஏப்ரல் மாதத்தில் ஒருவர் லேப்டாப் சூடாகிறது என்று கொண்டுவந்தால் வெயிலையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இரவில் அறைக்குள்ளேயே 15 டிகிரிக்குக் குறைவாக இருக்கும் உங்கள் வீட்டில் அந்தச் சமாதானம் செல்லாது. இந்தக் குளிரிலும் தானாக அணைகிற அளவுக்கு ஒரு லேப்டாப் கொதிக்கிறது என்றால், காற்று போகும் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை அந்த 1,500 ரூபாயைத் தொடாதீர்கள்.

எங்கள் குன்னூர் கடைக்கு வருகிறவர்களில் சிலர், மலையில் காற்று லேசாக இருப்பதால்தான் சூடு தணிவதில்லை என்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோர ஊரைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளுகிற காற்றின் எடை குறைகிறது, அது சுமந்து போகும் சூடும் குறைகிறது. ஆனால் அந்தக் காற்று சமவெளிக் காற்றைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ந்தது. கூட்டிக் கழித்தால் லாபம் நமக்குத்தான். லேப்டாப் நிறுவனங்கள் பலவும் சுமார் 3,000 மீட்டர் உயரம்வரை இயக்கலாம் என்று குறிப்பிடுகின்றன. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஆகவே ஊர்மீது பழி போட வேண்டாம்.

லேப்டாப்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். பிராசசரும் கிராபிக்ஸ் சில்லும்தான் சூட்டை உண்டாக்குபவை. அவற்றின்மேல் தெர்மல் பேஸ்ட் என்ற பசை, அதன்மேல் செம்புக் குழாய்கள். குழாய்கள் சூட்டை இழுத்துக்கொண்டு போய் விசிறியின் வாயில் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய உலோகத் தகடுகளில் சேர்க்கும். அடிப்பக்கத்துத் துளைகள் வழியாக விசிறி காற்றை இழுத்து, அந்தத் தகடுகளுக்கு இடையே ஊதி, பின்பக்கமோ பக்கவாட்டிலோ வெளியே தள்ளும். தகடுகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சங்கதி முழுவதும் அந்த இடைவெளியில்தான்.

மலையில் எங்களிடம் வரும் லேப்டாப்புகளைத் திறந்தால், விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை அடைத்திருக்கும். தொட்டால் கெட்டியான கம்பளித் துணிபோல இருக்கும். தூசி மட்டும் இப்படிப் படியாது. ஸ்வெட்டர், சால்வை, கம்பளி, மெத்தை விரிப்பு எல்லாவற்றிலிருந்தும் உதிரும் நூல் முதலில் தகட்டில் சிக்கும், அந்த நூல் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விறகடுப்புள்ள வீடென்றால் புகைக்கரியும் சேர்ந்து அதை இறுக்கிவிடும். மூன்றரை வருடம் கட்டிலில் கம்பளிக்கு நடுவே ஓடிய உங்கள் லேப்டாப்பில் இந்தப் பட்டை இல்லாவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம். தெர்மல் பேஸ்ட்டும் இந்த வயதில் காய்ந்து வெடிப்பு விட்டிருக்க வாய்ப்பு உண்டு.

கம்பளியின் குற்றம் அதோடு முடியவில்லை. லேப்டாப்பின் அடியில் இருக்கும் ரப்பர் கால்களின் உயரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். மேசையில் வைத்தால் அந்தச் சிறிய இடுக்கு வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது. மெத்தையில் வைத்தால் கால்கள் புதைந்து, துளைகள் துணியில் அழுந்திவிடும். நம்மைச் சூடாக வைத்திருப்பதற்கென்றே நெய்த ஒன்றின்மேல் வைத்துவிட்டு, அது குளிர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

உங்கள் மாமியாரின் யோசனையைத் தவறு என்று தள்ளிவிட மாட்டேன். உலோகம் சூட்டை இழுக்கும் என்பது அடுப்படியில் வருடக்கணக்கில் நின்றவருக்குத் தெரியும். ஆனால் எவர்சில்வர் அந்த வேலையில் மந்தம். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். எவர்சில்வர் பாத்திரத்துக்கு அடியில் செம்பு வைத்து விற்பதும் அதனால்தான். அதோடு, கவிழ்த்த தாம்பாளத்தின் தட்டையான அடி உங்கள் லேப்டாப்பின் துளைகளை இன்னும் ஒட்டி மூடியிருக்கும். உங்களுக்கு அங்கே தேவைப்படுவது வெற்றிடம்.

பேட் வாங்கச் சொல்வது எனக்குச் சுலபம். கடையிலும் இருக்கிறது. ஏன் தயங்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் தேர்வு நேரத்தில் ஒரு கல்லூரி மாணவர் இதே குறையோடு வந்தார். திறந்து பார்க்க ஒரு நாள் ஆகும் என்றேன். அவருக்கு அவசரம். சரி, இதை வைத்து ஓட்டுங்கள் என்று இரண்டு விசிறி வைத்த பேட் ஒன்றைக் கொடுத்தேன். மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள் இரவு மொத்தமாக நின்றுவிட்டது. திறந்தபோது உள்விசிறி சிக்கிச் சுற்றாமலே நின்றிருந்தது. வெளியிலிருந்து வந்த காற்று அந்தக் குறையை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். மதர்போர்டு போனது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றுவரை உறுத்துகிறது. அடியிலிருக்கும் பத்துத் திருகாணியைக் கழற்றியிருந்தால் விசிறியை மட்டும் மாற்றி அனுப்பியிருப்பேன். அன்றிலிருந்து உள்ளே பார்க்காமல் யாருக்கும் பேட் கொடுப்பதில்லை.

சரி, நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். மெல்லிய டிஷ்யூ பேப்பரை விரலகலத்துக்கு நீளமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை மேசை விளிம்பில் வைத்து ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய விடுங்கள். விசிறி இரையத் தொடங்கியதும் காகிதத்தை அடிப்பக்கத் துளைகளின் அருகே கொண்டுபோங்கள். துளையோடு ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே போகும் வழி அதுதான். எந்தெந்த இடத்தில் ஒட்டுகிறது என்று பென்சிலால் ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். அடுத்து, காற்று வெளியேறும் வாயில் காகிதத்தைப் பிடியுங்கள். நன்றாகப் படபடத்து, கையில் சூடு தெரிய வேண்டும். விசிறி அலறியும் காகிதம் சோம்பலாக அசைந்தால் தகடுகள் அடைத்துவிட்டன. விசிறிச் சத்தமே இல்லாமல் அடிப்பக்கம் சுட்டால் விசிறி நின்றுவிட்டது, உடனே அணைத்துவிடுங்கள். காற்று பலமாகவும் ஆனால் அதிகம் சூடில்லாமலும் வருகிறது, அடிப்பக்கம் மட்டும் கொதிக்கிறது என்றால் பேஸ்ட் காய்ந்து, சூடு தகடுவரைக்கும் வந்து சேரவில்லை.

கைச்சூட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளைப் போட்டால் பிராசசரின் வெப்பநிலை தெரியும். கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலையை விண்டோஸின் டாஸ்க் மேனேஜரே காட்டும். சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரி என்றால் கவலை இல்லை. எக்ஸ்போர்ட் நடக்கும்போது 80, 85 வந்தாலும் இந்த வகை லேப்டாப்புக்கு அது இயல்பு. பெரும்பாலான பிராசசர்களுக்கு 95 முதல் 105 டிகிரிக்குள் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் முக்கால் மணி நேர எக்ஸ்போர்ட் இரண்டு மணி நேரம் ஆனது இப்படித்தான் இருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காவிட்டால் கடைசியாக அணைந்துவிடும். போன வாரம் இரண்டு முறை நடந்தது அதுவாக இருந்தால், மூன்றாவது முறைக்குக் காத்திருக்காதீர்கள்.

சுத்தம் செய்யக் கொடுக்கும்போது விசிறியையும் தகடுகளையும் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்ற வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாரண்டி நீட்டித்து வாங்கியிருந்தால் முதலில் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திடம் கேளுங்கள். வெளியிலிருந்து ஊதினால் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்தப் பட்டை உள்பக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து ஊதினால் அது விசிறிமேல் போய் விழும். வீட்டில் வேக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சுவதும் வேண்டாம். இன்னொன்று, இதைச் சொல்லியே ஆகவேண்டும். நம் ஊரில் ஸ்டிக்கர் பசையிலிருந்து பூட்டுத் துருவரை எல்லாவற்றுக்கும் யூகலிப்டஸ் தைலம்தான். ஸ்டிக்கர் பசைக்கு நல்லதுதான். விசிறிக்குள் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். பிளாஸ்டிக்கை இளக்கும், எண்ணெய்ப் பிசுக்கில் தூசி இரட்டிப்பாக ஒட்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் அந்த வேலைக்கு உரியது.

இப்போது பேட் விஷயத்துக்கு வருவோம். சந்தையில் இருப்பதை நான் நான்காகப் பார்க்கிறேன்: விசிறியே இல்லாத ஸ்டாண்ட், வலைமேல் வைக்கும் சாதாரண விசிறி பேட், சுற்றிலும் நுரைப் பட்டை வைத்து அடைத்த பேட், லேப்டாப்பின் வாயில் மாட்டி உறிஞ்சும் சிறு கருவி. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடலாம். காற்று பக்கவாட்டில் வெளியேறும் பழைய லேப்டாப்புகளுக்கு அது ஓரளவு உதவும். இப்போது பெரும்பாலானவற்றில் வாய், திரையின் கீல் பக்கம் இருப்பதால் மாட்டவே இடம் இருக்காது.

நீங்கள் சொன்ன ஐந்து விசிறி பேட் இரண்டாவது ரகம். தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். நீளமான தொட்டி, நடுவில் கம்பி வலை, வலைமேல் பரப்பிய பச்சை இலை, ஒரு முனையில் பெரிய விசிறி. விசிறிக் காற்று வலைக்குக் கீழே புகுந்து, போக வேறு வழியில்லாமல் இலைகளுக்கு இடையே மேலேறும். தொட்டியின் பக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தால் போதும், காற்று அந்த வழியாக ஓடிவிடும், இலை வாடாது. சாதாரண பேட்டில் அந்த ஓட்டை நாலா பக்கமும் இருக்கிறது. விசிறி ஊதும் காற்றில் பெரும்பகுதி லேப்டாப்பின் அடியில் மோதிப் பக்கவாட்டில் போய்விடும். துளைக்கு நேர் கீழே விசிறி இருந்தால் மட்டும் கொஞ்சம் உள்ளே போகும். அதனால் எத்தனை விசிறி என்று எண்ணாதீர்கள். நீங்கள் பென்சிலால் போட்ட படத்தை எடுத்து, துளைகளுக்குக் கீழே விசிறி வருகிறதா என்று பாருங்கள். பல லேப்டாப்புகளின் அடியில் அழகுக்காக வரிவரியாகத் துளைபோல இருக்கும், பாதி உள்ளே மூடியிருக்கும். காகிதம் ஒட்டிய இடம்தான் கணக்கு. ஐந்து சின்ன விசிறியைவிட நடுவில் ஒரே பெரிய விசிறி வைத்தது மெதுவாகச் சுற்றி அதே காற்றைத் தரும், சத்தமும் குறைவு. பக்கத்தில் குழந்தை தூங்கும் வீட்டில் அது பெரிய விஷயம். வண்ண விளக்குகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

நுரைப் பட்டை வைத்தது உண்மையிலேயே வாட்டும் தொட்டிதான். நுரை லேப்டாப்பின் ஓரங்களை ஒட்டி அடைப்பதால் காற்று துளை வழியாக உள்ளே போயே ஆகவேண்டும். நான் பார்த்தவரையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தருவது இந்த ரகம்தான். ஆனால் கனம், விலை, தனி அடாப்டர், நல்ல இரைச்சல். முழு வேகத்தில் வைத்தால் குழந்தை மட்டுமல்ல, அக்கம்பக்கமும் விழித்துக்கொள்ளும். வாங்குவதானால் கீழே தூசி வடிகட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கம்பளி நூலை வேகமாக உள்ளே ஏற்றுகிற இயந்திரமாகிவிடும்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது முதல் ரகம்: அலுமினியத்தில் செய்த, நடுப்பகுதி திறந்த, விசிறி இல்லாத ஸ்டாண்ட். சுத்தம் செய்த லேப்டாப்பின் பின்பக்கத்தை நாலு விரல் உயர்த்தினாலே உங்கள் ஊர்க் குளிர்காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். 15.6 அங்குலம் என்றால் எடை இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். மெல்லிய மடக்கு ஸ்டாண்டுகள் தட்டச்சு செய்யும்போது ஆடும், கடையில் கையால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். கண் உயரத்துக்குத் தூக்கும் ரகம் வாங்கினால் தனிக் கீபோர்டும் மவுஸும் வேண்டும். மணிக்கணக்காக டைம்லைனில் குனிந்து உட்காரும் உங்கள் கழுத்துக்கு அந்தச் செலவு தகும். ஸ்டாண்ட் வரும்வரை சில்வர் ஓக் பலகைத் துண்டு இரண்டை எடுத்து, துளையை மறைக்காமல் பின்மூலைகளுக்கு அடியில் வையுங்கள். இன்று இரவே செய்யலாம்.

குளிரில் கட்டிலை விட்டு இறங்குங்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம், இரவு இரண்டு மணிக்கு உட்காருவது நீங்கள். கட்டில்மேல் வைக்கும் கால் மடக்கு மேசை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கம்பளி உங்கள் காலில் இருக்கட்டும், லேப்டாப் மேசைமேல் இருக்கட்டும், சார்ஜர் அடாப்டர் கம்பளிக்கு வெளியே தரையில் இருக்கட்டும். ஹீட்டருக்கு நேராக லேப்டாப்பை வைக்க வேண்டாம். கணப்புக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைக்கும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை. அந்த அறையில் குழந்தை தூங்குகிறான்.

விசிறி பேட் உங்களுக்குப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. முகூர்த்தக் காலத்தில் மேட்டுப்பாளையம், கோவை மண்டபங்களில் உட்கார்ந்து அன்றைக்கே வீடியோ வெட்டித் தர வேண்டியிருந்தால், 35 டிகிரி வெயிலில் ஸ்டாண்ட் மட்டும் போதாது. அதற்கு ஒற்றைப் பெரிய விசிறி வைத்த இலகுவான பேட் ஒன்றைப் பிறகு வாங்கலாம். அதன் வயரை லேப்டாப்பிலேயே செருகாமல் பழைய மொபைல் சார்ஜரில் செருகுங்கள். சாதாரண யு.எஸ்.பி. வாய் 5 வோல்ட்டில் அரை முதல் ஒரு ஆம்பியருக்குள்தான் தரும். அதையும் லேப்டாப்பிடமே வாங்குவானேன்.

மலையிலிருந்து இறங்கும்போது இதையும் கவனியுங்கள். அதிகாலையில் எட்டுப் பத்து டிகிரியில் பையில் வைத்த லேப்டாப், கீழே போய்ச் சேரும்போதும் உள்ளே சில்லென்று இருக்கும். மண்டபத்தின் ஈரக்காற்றில் உடனே எடுத்துத் திறந்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில்போல உள்பாகங்களில் நீர் கோத்துக்கொள்ளும். பையை மூடியபடியே முக்கால் மணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் இயக்குங்கள். வீட்டிலும் மூடுபனி உள்ளே நுழையும் ஜன்னலுக்கு அருகில் விசிறி பேட் வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகும் எக்ஸ்போர்ட்டின்போது 95 டிகிரியைத் தொட்டால், விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கிப் பாருங்கள். பல லேப்டாப்புகளில் இது டர்போ எனப்படும் கூடுதல் வேகத்தை நிறுத்தும். நேரம் சற்றுக் கூடும், சூடு நன்றாக இறங்கும். சில லேப்டாப்புகளில் அந்த வரி தெரியாது. அப்போது தயாரிப்பு நிறுவனமே தந்திருக்கும் மென்பொருளில் அமைதி நிலையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நுரைப் பட்டை பேட்டைப் பற்றி யோசிக்கலாம்.

இதையெல்லாம் தொடங்குமுன் லேப்டாப்பை அணைத்து, சமமான மேசையில் வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடுகிறதா? டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா, அழுத்தினால் கிளிக் விழ மறுக்கிறதா? அடிமூடியின் நடுவில் புடைப்பு தெரிகிறதா? இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பேட்டரி ஊதியிருக்கலாம். இவ்வளவு நாள் சூட்டில் இருந்த பேட்டரிக்கு அது நடக்கக்கூடியதுதான். அப்படியென்றால் சார்ஜில் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், நீங்களே திறக்காதீர்கள். அப்படியே எடுத்துக்கொண்டு போய் சர்வீஸில் கொடுங்கள். கல்யாண வீடியோக்களின் நகல் வேறு ஹார்ட் டிஸ்கில் இல்லையென்றால், அந்த வேலையை முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்.

சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும், ஒரே வீடியோவை எக்ஸ்போர்ட் செய்து, பதினைந்தாவது நிமிடத்தில் பிராசசர் எத்தனை டிகிரி, மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். அந்த எண்களோடு லேப்டாப்பின் மாடலையும் அடிப்பக்கப் படத்தையும் எனக்கு அனுப்பினால், எந்த ஸ்டாண்ட் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.